ஏழு நிமிடத்துக்கு ஒரு அனிதா

எங்கள் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது நான்தான். பார்த்துக்கொள்வது என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மவுஸ் வேலை செய்யாவிட்டாலும் நான்தான், வாசலில் இருக்கும் கைரேகை மெஷின் விரலை எடுக்காவிட்டாலும் நான்தான், எம்.டி. அறையில் டிவி ரிமோட்டுக்கு பேட்டரி தீர்ந்தாலும் நான்தான். முனீஸ் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. யாரும் சொல்வதில்லை. "சிஸ்டம், கொஞ்சம் வா" என்பார்கள். பதினான்கு வருடமாக வந்துகொண்டிருக்கிறேன்.

போன ஆனி மாதக் கடைசியிலிருந்து சர்வரின் லாக்கில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. லாக் என்பது சர்வர் தானாக எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாரை உள்ளே விட்டேன், யாரை விடவில்லை என்று அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். அதில் இந்த வரி: அனிதா என்ற பெயரில் யாரோ உள்ளே வரப் பார்க்கிறார், பாஸ்வேர்டு தப்பு, விடவில்லை. ஏழு நிமிடம் கழித்து மறுபடியும் அதே அனிதா, அதே தப்பான பாஸ்வேர்டு. அப்புறம் இன்னொரு ஏழு நிமிடம். ஒரு நாளைக்கு இருநூற்று ஐந்து தடவைக்குக் குறையாது.

வந்து பார்த்துவிட்டுப் போனால்கூடத் தொலைகிறது என்று விட்டிருப்பேன். தப்பான பாஸ்வேர்டு அளவுக்கு மேல் வந்தால் அந்தக் கணக்கையே கொஞ்ச நேரம் பூட்டிவிடும்படி சர்வருக்குச் சொல்லி வைத்திருந்தது நான். திருடனுக்காகப் போட்ட பூட்டு. அதனால் தினமும் நாலைந்து தடவை அனிதா கணக்கு பூட்டிக்கொள்ளும். சரியான பாஸ்வேர்டு கையில் இருப்பவருக்கும் திறக்காது. அந்த நேரம் பார்த்து டென்மார்க்கிலிருந்து எங்கள் பனியனை வாங்குகிற பையர், இந்தக் கலர் சரி, சாயம் போடுங்கள் என்று மெயில் போட்டிருப்பார். இங்கே அது யாருக்கும் தெரியாமல் கிடக்கும். எம்.டி. கந்தப்பன் என் அறை வாசலில் வந்து நிற்பார்.

அனிதா யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் அனிதா என்று நிஜமாகவே ஒருத்தி இருந்தாள். மெர்ச்சண்டைசர். பையரோடு மெயிலில் பேசி, சாம்பிள் அனுப்பி, ஆர்டரைக் கப்பல் ஏற்றும் வரைக்கும் ஓட்டுகிற வேலை. அவள் கல்யாணமாகிக் கரூருக்குப் போய்விட்டாள். ஆள் மாறியது தெரிந்தால் பையருக்கு நம்பிக்கை போய்விடும், ஆர்டர் கை மாறிவிடும் என்று கந்தப்பனுக்கு ஒரே பயம். அந்த சீட்டுக்கு வந்த அடுத்த பெண்ணையும் மெயிலில் அனிதா என்றே கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கமும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. டென்மார்க்கைப் பொறுத்தவரை திருப்பூரில் அனிதா என்று ஒருத்தி பதினொரு வருடமாக லீவே போடாமல், வயதே ஆகாமல் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது அனிதாவின் பெயர் ஒச்சம்மாள். எங்கள் உசிலம்பட்டிப் பக்கம். அவள் அப்பா மூக்கையாவும் என் அப்பாவும் ஒரே நிட்டிங் கம்பெனியில் ஷிப்ட் பார்த்தவர்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு எங்கள் கம்பெனியில் பிசிறு வெட்ட வந்தாள். தைத்து முடித்த பனியனில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்கிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். அதிலிருந்து செக்கிங், செக்கிங்கிலிருந்து சாம்பிள் செக்ஷன், அங்கே இருந்தபடியே தபாலில் பி.காம்., அதற்கப்புறம் அனிதா. பிசிறு மேஜையிலிருந்து ஏ.சி. அறைக்கு வர அவளுக்கு ஒன்பது வருடம் பிடித்தது.

அந்த சீட்டில் அவள் உட்கார்ந்த முதல் நாள் மெயிலைத் திறந்து கொடுக்கப் போனேன்.

"அண்ணே, ஒச்சம்மாள்னே போட முடியாதாண்ணே?" என்று கேட்டாள்.

"எம்.டி. ஒத்துக்க மாட்டாரு ஆத்தா."

சிரித்துக்கொண்டே அனிதா என்று அடித்தாள். ஆபீஸில் அவளை ஒச்சம்மா என்று கூப்பிட்டது நான் ஒருத்தன்தான். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆனி கடைசியில் அவளுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே சொந்தப் பெயரிலேயே மெயில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆடி பிறப்பதற்குள் சேர்ந்துவிட வேண்டும் என்று அவசரம். எங்கள் கம்பெனியை விட்டுப் போகிறவர்கள் பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூ பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு செக்ஷனாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டோர்ஸ், கேன்டீன், ஆபீஸ், கடைசியாக சிஸ்டம். அதை யாரும் படிப்பதில்லை. நீட்டிய இடத்தில் போடுவோம், போகிறவர்களுக்கு நல்லபடியாகச் சொல்லி அனுப்புவோம். அன்றைக்கு நான் ஒரு சிசிடிவி கேமராவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாரத்தோடு இன்னொரு தாளையும் சேர்த்து நீட்டினாள். இரண்டிலும் போட்டேன். "படிச்சுட்டுப் போடுங்கண்ணே" என்றாள். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும், நல்லா இரு ஆத்தா" என்று சொல்லி, அந்தத் தாளை மடித்து டிராயருக்குள் போட்டேன்.

அவள் வாசலைத் தாண்டியதும் அனிதா கணக்கின் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார் கந்தப்பன். மாற்றினேன். அன்று சாயங்காலமே லாக்கில் அந்த வரி ஆரம்பித்துவிட்டது.

ஆடி பிறந்து இரண்டு வாரம் போனது. நாலாவது அனிதாவாக அபிராமி வந்து உட்கார்ந்திருந்தாள். நேற்றுத்தான் காலேஜ் முடித்த மாதிரி இருப்பாள். தினமும் நாலைந்து தரம் ஓடி வந்து, "அண்ணா, மறுபடியும் பூட்டிக்கிச்சுங்ணா" என்பாள். நான் திறந்துவிடுவேன். வருகிற இணைய எண்ணைத் தடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் வேறு எண்ணிலிருந்து அதே அனிதா. வீட்டுக்கும் கடைக்கும் கொடுக்கிற சாதாரண பிராட்பேண்ட் கனெக்ஷன், எண் மாறிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றினேன். வருகிறவருக்கோ அதைப் பற்றிக் கவலையே இல்லை.

கந்தப்பன் என் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் இன்னும் இறங்கிவிடும்.

"ஏங்கண்ணு, இது எப்பத்துல இருந்து வருது?"

"அந்தப் புள்ள போன அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து சார்."

"எங்கிருந்து வருதுன்னு காட்டுமா?"

"ஊரு வரைக்கும் காட்டும் சார். திருப்பூர்னு காட்டுது."

"அவ போய்ச் சேந்த கம்பெனியும் திருப்பூருதான?" என்றார்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திருப்பூர் என்றால் நீங்களும்தான் சார், நானும்தான், கீழே அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற அத்தனை பேரும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கும் மூன்று ஏழுக்கும் மூன்று பதினாலுக்கும் எந்தப் பெண்ணாவது எழுந்து உட்கார்ந்து பாஸ்வேர்டு அடிப்பாளா என்று கேட்டிருக்க வேண்டும். இது ஆள் செய்கிற வேலை இல்லை, ஏதோ மெஷின் செய்கிற வேலை என்று முதல் வாரத்திலேயே எனக்குத் தோன்றியிருந்தது. சொல்லவில்லை. சொன்னால், அப்ப எந்த மெஷின் என்று அடுத்த கேள்வி வரும். எனக்குத் தெரியாது. பதினாலு வருசமா என்னத்தக் கிழிச்ச என்ற பார்வை வரும். அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது, அது என்னைத் தொந்தரவு செய்யாத பதிலாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதை எழுதும்போது என் மூஞ்சியில் நானே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

"ஒரு பிரிண்டு எடுத்துக் குடு கண்ணு" என்றார்.

நாற்பது பக்கம் எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி அனிதா. கேட்காமலேயே மஞ்சள் மார்க்கரும் அடித்துக் கொடுத்தேன்.

ஒச்சம்மாள் சேர்ந்திருந்த கம்பெனியின் ஓனர் கந்தப்பனுக்குப் பங்காளி முறை. போனிலேயே முடிந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "ஏனுங், சாப்ட்டாச்சுங்களா? ஒண்ணுமில்லீங், நம்மகிட்ட இருந்து ஒரு புள்ள அங்க வந்துருக்குதில்லீங், அது உங்க எடத்துல உக்காந்துட்டு எங்க மெயிலத் தொறக்கப் பாக்குதுங். பையர் விசயமெல்லாம் அதுலதான் இருக்குதுங். ரிப்போர்ட்டு அனுப்பறனுங். நீங்களும் கொஞ்சம் பாத்து இருந்துக்கோணும்ங்." ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. குரல் உயரவில்லை. கடைசியில் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு போனை வைத்தார். மறுநாள் மத்தியானம் ஒச்சம்மாளை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் அங்கே சேர்ந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவளிடமிருந்து எனக்கு போன் வந்தது. அழுகிற குரலாக இருக்கும் என்று பயந்துகொண்டே எடுத்தேன். அழவில்லை.

"அண்ணே, நான் அந்த மெயிலத் தொடக்கூட இல்லண்ணே."

"தெரியும் ஆத்தா."

"தெரியும்னா சொல்லுங்கண்ணே. உங்களுக்குத்தான் லாக்கு பாக்கத் தெரியும். பாத்து, அது நான் இல்லன்னு ஒரு வார்த்த எம்.டி.கிட்டச் சொல்லுங்க. வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. மூணு எடத்துல கேட்டுட்டேன். பேரச் சொன்னதும், ஆள் எடுக்கலம்மாங்குறாங்க."

"பாக்குறேன் ஆத்தா. கண்டிப்பாப் பாக்குறேன்."

"சீக்கிரம் பாருங்கண்ணே" என்று வைத்துவிட்டாள்.

பார்க்கவில்லை. எம்.டி.யின் முகம் நினைவுக்கு வரும், வேறு வேலையில் இறங்கிவிடுவேன். அவள் இரண்டு தடவை போன் செய்தாள், எடுக்கவில்லை. அதற்கப்புறம் அவளும் செய்யவில்லை. லாக்கில் மட்டும் ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை அனிதா வந்துகொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பியும் நிற்கவில்லையே என்று கந்தப்பனிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "ஊட்ல உக்காந்துட்டுப் பண்ணுதாட்ட இருக்குது" என்றார்.

ஆவணி இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை காலை லாக்கைத் திறந்தேன். முந்தின நாள் பகலில் அனிதா இல்லை. ஒன்பது ஆறுக்கு வந்தவள் ஒன்பது பதிமூன்றுக்கு வரவில்லை. பத்து மணிக்கு இல்லை, மத்தியானம் இல்லை. சனியன் ஒழிந்தது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கீழே உருட்டினால், சாயங்காலம் நாலு பதினொன்றுக்கு மறுபடியும் வந்து நின்றாள்.

காலை ஒன்பதுக்குப் போய்ச் சாயங்காலம் நாலுக்கு வருவது இந்த ஊரில் ஒன்றுதான். மாதாந்திர பவர் ஷட்டவுன்.

செக்யூரிட்டி அறைக்கு ஓடினேன். அங்கே பழைய பேப்பரை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். புதன்கிழமைப் பேப்பரில் மின்தடை அறிவிப்பைத் தேடி எடுத்தேன். எங்கள் ஏரியா இல்லை. நல்லூர் இல்லை, ஒச்சம்மாள் குடியிருப்பது அங்கேதான். அவளை அனுப்பிவிட்ட கம்பெனி இருக்கிற தெருவும் இல்லை. ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டே வந்தேன். வீரபாண்டி இருந்தது. எங்கள் துணிக்குச் சாயம் போடுகிற டையிங் யூனிட் அங்கேதான் இருக்கிறது.

பேப்பரை மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். போகிற வழியெல்லாம், அதுவாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் போனேன்.

அந்த டையிங்கின் ஒரு மூலையில் லேப் இருக்கிறது. பையர் கேட்கிற கலரில் முதலில் கைக்குட்டை அளவு துணிக்குச் சாயம் போட்டுப் பார்க்கிற அறை. சின்னான் என்று ஐம்பது வயதுக்காரர் இருபது வருடமாக அங்கே கலர் சேர்க்கிறார். கெட்டிக்காரர். இரண்டு நீலத்துக்கு நடுவில் இன்னும் நாலு நீலம் இருக்கிறது என்பார், இருக்கும்.

"வாங் தம்பி, என்னுங் இந்தப் பக்கம்?" என்றார்.

"நேத்துப் பகல்ல இங்க கரண்டு இல்லியாண்ணே?"

"ஆமாங். மெஷினெல்லாம் ஜெனரேட்டர்ல ஓடுச்சுங். இந்த ரூமுக்கு ஜெனரேட்டர் லைன் இல்லீங். சும்மாதான் உக்காந்துருந்தனுங்."

அறையைச் சுற்றிப் பார்த்தேன். மேஜையின் ஓரத்தில் ஸ்கேனர். அதை அங்கே வைத்தது நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒச்சம்மாள்தான் கேட்டாள். லேப் ரிப்போர்ட்டைத் தினமும் ஒரு ஆள் வண்டியில் கொண்டுவந்து கொடுப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது, ஸ்கேன் செய்தால் நேராகத் தன் மெயிலுக்கு வருகிற மாதிரி செய்ய முடியுமா என்று. செய்து கொடுத்தேன். ஸ்கேனருக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம். அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, அனிதாவிலிருந்து அனிதாவுக்கே போகிற மாதிரி போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அது என் நினைவிலேயே இல்லை.

"இதுல இப்ப ஸ்கேன் பண்றதில்லியாண்ணே?"

"இல்லீங் தம்பி. அந்தப் புள்ள போனதுல இருந்து இது வேல செய்யறதில்லீங். கடைசியா ஒரு நேவி ப்ளூ ரிப்போர்ட்ட வெச்சனுங், போகவே இல்ல. செகப்பு லைட்டு மினுக்கு மினுக்குனு எரிய ஆரம்பிச்சுருச்சு. அப்பறம் வாட்சப்புல போட்டோ எடுத்துப் போட்டுடறனுங்."

"லைட்டு இப்ப எரியலியே?"

"எரியுதுங். கலர் பாக்குற எடத்துல செகப்பு லைட்டு ஆகாதுங் தம்பி, ஷேடு மாறித் தெரியும். அதான் துணி ஒட்டி மூடி வெச்சுட்டனுங்" என்றார்.

விரல் நுனி அளவுக்குக் கறுப்புத் துணி, அழகாக வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தார். உரித்தேன். உள்ளே விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தி அதன் சின்னத் திரையில் பார்த்தேன். அனுப்புகிறவர் அனிதா. அனுப்பப்படாமல் காத்திருப்பது ஒன்று. ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி முயற்சி செய். ஒரு நேவி ப்ளூ ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று, மாறிப்போன பாஸ்வேர்டைப் போட்டு, அந்த மெஷின் ஐம்பது நாளாகத் தலையால் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா தம்பி?" சின்னான் முகம் வெளிறிப்போய்க் கேட்டார்.

"இல்லண்ணே. நீங்க ஒண்ணும் பண்ணல."

அந்த ஒரு ரிப்போர்ட்டை நீக்கினேன். விளக்கு அணைந்தது. செல்லிலேயே லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். அனிதா வரவில்லை. இந்த வேலையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி வரும். அன்றைக்கு வரவில்லை.

நேராக கந்தப்பன் அறைக்குப் போனேன். வழியில் ஒன்றுக்குப் பத்து தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன். ஸ்கேனர், ரிப்போர்ட், ஷட்டவுன், எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இனி மெயில் பூட்டிக்காதா?"

"பூட்டிக்காது சார். ஆனா சார், அது ஒச்சம்மா இல்ல சார்."

"ஒச்சம்மாளா? அதாரு?"

நான்கு வருடம் அவள் இவருடைய எதிர் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"அனிதா சார். போன அனிதா."

"அட, அந்தப் புள்ளயா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரி. இல்லாமப் போனா நல்லதுதான."

"அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிட்டீங்கன்னா..."

"என்னன்னு கண்ணு சொல்றது? மெஷினு பண்ணுன வேலையக் கொண்டுபோய் அந்தப் புள்ள மேல போட்டுட்டனுங்னு சொல்றதா? நாளைக்கு என்ற பேச்ச எவன் நம்புவான்? அது எங்கியாச்சும் பொழச்சுக்கும், உடு."

நான் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்கண்ணு, அந்த ஸ்கேனர்ல அவ பாஸ்வேர்டப் போட்டு வெச்சது ஆரு?"

"நான்தான் சார்."

"அப்ப நீயும் உடு கண்ணு" என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா? எனக்கு வியர்த்துவிட்டது.

விட்டுவிடவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காக ஒன்று செய்தேன். அந்தக் கம்பெனி ஆபீஸுக்கு நானே போன் போட்டேன். எடுத்தவர் முழுதும் கேட்டுவிட்டு, "அந்த சீட்டுக்கு ஆளு வந்தாச்சுங்க சார். உங்க எம்.டி. பேசினா நாங்க ஓனர்கிட்டச் சொல்றோம்ங்க" என்றார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். பெயரைச் சொல்லத் தைரியம் இல்லாதவன்தான் இன்னொருத்தி பெயரைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்லூருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மாள் எதிரே இருந்த சந்துப் பக்கம் கை காட்டினார். ஒரு வீட்டின் முன்பக்கத்தை எடுத்து எட்டு மெஷின் போட்டு ஓட்டுகிற சின்ன யூனிட். ஞாயிறு அரை நாள் வேலை. வாசலை ஒட்டிய மேஜையில், குவிந்து கிடந்த குழந்தைச் சட்டைகளுக்கு நடுவில், ஒச்சம்மாள் நின்றபடி பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பதிமூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்குள் முதன்முதலில் பார்த்தபோது எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள். ஒரே வித்தியாசம், இப்போது கண்ணாடி போட்டிருந்தாள்.

"வாங்கண்ணே" என்றாள். கத்தரி நிற்கவில்லை.

"ஒச்சம்மா, கண்டுபிடிச்சுட்டேன் ஆத்தா. அது நீ இல்ல."

"அது நான் இல்லன்னு எனக்கு முதல்லயே தெரியும்ணே" என்றாள். "உங்களுக்குத்தான் இப்பத் தெரியுது."

எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம்போல இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். எம்.டி. என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு சட்டையாக எடுத்து, கழுத்து, கை, கீழ் மடிப்பு என்று நூலை வெட்டி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எங்க இருந்துண்ணே வந்துச்சு?"

"டையிங் லேப்ல இருந்து."

"ஸ்கேனரா?"

"ஆமா ஆத்தா."

கத்தரி நின்றது.

"நோ டியூவுல கையெழுத்து வாங்க வந்தப்ப, உங்ககிட்ட ஒரு தாளு குடுத்தேனேண்ணே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று நடித்தேன் என்று சொல்வதுதான் சரி.

"எங்கெங்க அந்தப் பாஸ்வேர்டு போட்டுருக்கோ அம்புட்டையும் எழுதிக் குடுத்தேன். படிச்சுட்டுப் போடுங்கன்னுகூடச் சொன்னேன். நீங்க படிச்சு, எல்லா எடத்துலயும் மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன். அதான் போன் பண்ணப்பகூட ஸ்கேனரப் பத்திச் சொல்லல. வேற என்னமோன்னு நெனச்சுக்கிட்டேன். லாக்க மட்டும் பாருங்கன்னேன்."

"ஒச்சம்மா..."

"போன எடுத்திருந்தீங்கன்னா கேட்டிருப்பேன்ணே. ரெண்டு தடவ பண்ணேன்."

உள்ளேயிருந்து ஒரு குரல், "அக்கா, பீஸ் வரலீங்க்கா" என்றது. "இந்தா வருது" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். "வரேன் ஆத்தா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

திங்கட்கிழமை ஆபீஸில் எல்லோருக்கும் முன்னால் போய் என் மேஜை டிராயரை இழுத்துக் கொட்டினேன். பழைய மவுஸ், ஸ்க்ரூ பாக்கெட், செத்துப்போன பேட்டரிகள். அடியில், கழற்றிப் போட்ட சிசிடிவி கேமராவின் கீழே நாலாக மடித்தபடி இருந்தது. பிரித்தபோது அபிராமி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, மூணு நாளா ஒருக்காகூடப் பூட்டலீங்ணா. டென்மார்க்ல இருந்து, இப்பல்லாம் சீக்கிரம் பதில் போடறீங்க, நன்றி அனிதான்னு மெயில் வந்துருக்குதுங்ணா."

"சரிம்மா" என்றேன். சந்தோஷமாகப் போனாள்.

கோடு போட்ட நோட்டுத்தாள். உருண்டையான எழுத்து. அனிதா பாஸ்வேர்டு போட்டிருக்கும் இடங்கள் என்று தலைப்பு, கீழே அடிக்கோடு. ஒன்று, என் கம்ப்யூட்டர். இரண்டு, ஆபீஸ் செல். மூன்று, சாம்பிள் செக்ஷன் கம்ப்யூட்டர். நான்கு, வீரபாண்டி டையிங் லேப் ஸ்கேனர், இது முனீஸ் அண்ணன் போட்டது, மறந்துவிட வேண்டாம். அதன் கீழே ஒச்சம்மாள் என்று கையெழுத்து. எங்கள் கம்பெனியில் அவள் சொந்தப் பெயரில் எழுதி நான் பார்த்த ஒரே காகிதம் அதுதான். பக்கத்தில், படித்துப் பெற்றுக்கொண்டேன் என்று அவளே எழுதி இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் தேதியோடு என் கையெழுத்து இருந்தது.